1897 பூகம்பமும் மதராஸ் நேரமும்

1897-ஆம் ஆண்டு ஜூன் 12, சனிக்கிழமை. மாலை ஐந்தேகால் மணி வாக்கில் அஸ்ஸாமில் பூமி குலுங்கியது. ஷில்லாங்கில் கல்லால் கட்டிய கட்டிடங்கள் அத்தனையும் தரைமட்டமாயின. மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்தன. தொலைவில் இருந்த கல்கத்தாவிலேயே ஏராளமான வீடுகள் சேதமடைந்தன. பதிவான சாவு 1,542. அவ்வளவு பெரிய நடுக்கத்துக்கு இது குறைவுதான். மாலை நேரமாக இருந்ததால் ஜனங்கள் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே இருந்தார்கள். அதுவே இரவு இரண்டு மணிக்கு வந்திருந்தால் கணக்கு வேறு மாதிரி ஆகியிருக்கும்.

ரயில்வேயில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டியவனுக்கு பூகம்பத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். எனக்கு இதில் ஆர்வம் வந்ததே கடிகாரத்தால்தான். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர்களுக்குத் தெரியும், தினமும் 16 மணிக்கு கண்ட்ரோலில் இருந்து நேரம் சொல்வார்கள். அதைக் கேட்டு ஸ்டேஷன் கடிகாரத்தைச் சரி செய்து, எத்தனை நிமிஷம் முந்தியது அல்லது பிந்தியது என்று எழுதி வைக்க வேண்டும். ஒரு நிமிஷம்தானே என்று நாங்கள் அலுத்துக்கொண்டதுண்டு. அந்த ஒரு நிமிஷத்தின் விலை என்ன என்பதை 1897 பூகம்பத்தைப் பற்றிப் படித்தபோதுதான் முழுதாக உணர்ந்தேன்.

அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு ஒரே நேரம் கிடையாது. ஐ.எஸ்.டி. என்று நாம் இப்போது சொல்லும் நேரம் 1906 ஜனவரியில்தான் வந்தது. அதற்கு முன் ரயில்களும் தந்தியும் ஓடியது மதராஸ் நேரத்தில். நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வுக் கூடத்தில் நட்சத்திரங்களைப் பார்த்துக் கணித்த நேரம், தந்திக் கம்பி வழியாக நாடு முழுக்கப் போயிற்று. பெஷாவரில் வண்டி புறப்படுவதும் நம் ஊர் நேரப்படிதான். (இதில் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டால் தப்பில்லை.) ஆனால் கல்கத்தா நகரம் தன் சொந்த நேரத்தை வைத்துக்கொண்டது. அது மதராஸ் நேரத்தைவிட சுமார் 33 நிமிஷம் முந்தியது. அஸ்ஸாமிலோ சூரியனைப் பார்த்து வைத்த உள்ளூர் நேரம். ஆகவே ஷில்லாங் கடிகாரம் ஐந்தேகால் காட்டியபோது கல்கத்தா கடிகாரத்தில் கிட்டத்தட்ட ஐந்து. ரயில்வே கடிகாரத்தில் நாலரை கூட ஆகவில்லை.

இப்போது ஒரு விஞ்ஞானி வந்து, உங்கள் ஊரில் பூமி எத்தனை மணிக்கு ஆடியது என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டத்து மேனேஜர் தன் பாக்கெட் வாட்சைப் பார்த்துச் சொல்வார். தபால் ஆபீஸ் ஒன்று சொல்லும், ரயில்வே ஸ்டேஷன் வேறொன்று சொல்லும். எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்கு மாற்றிய பிறகும் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் இடிக்கும். பூகம்ப அலை பாறைக்குள் நொடிக்கு மூன்றிலிருந்து ஆறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு நிமிஷம் பிசகினால் 200 கிலோமீட்டர், 300 கிலோமீட்டர் பிசகு. அப்புறம் எங்கே புறப்பட்டது என்று எப்படிச் சொல்வது?

அந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டவர் ரிச்சர்ட் டிக்சன் ஓல்ட்ஹாம். இந்திய புவியியல் ஆய்வுத் துறையில் அதிகாரி, அயர்லாந்துக்காரர். அவருடைய அப்பா தாமஸ் ஓல்ட்ஹாம் அதே துறையின் முதல் தலைவர். 1869-இல் கச்சார் பகுதியில் வந்த பூகம்பத்தை அப்பா ஆராய்ந்தார். அதை முடித்துப் பிரசுரிப்பதற்குள் அவர் காலமாகிவிட, மகன்தான் அந்த வேலையை முடித்து வெளியிட்டார். பூகம்பம் அந்தக் குடும்பத்துக்குப் பரம்பரைச் சொத்து போல.

அப்பாவின் காலத்தில் பூகம்பம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க இருந்த வழி, ராபர்ட் மாலெட் என்ற இன்னொரு அயர்லாந்துக்காரர் போட்டுக் கொடுத்தது. மாலெட் ஒரு இன்ஜினியர். 1857 டிசம்பரில் இத்தாலியில் நேப்பிள்ஸ் ராஜ்யத்தில் பெரும் பூகம்பம் வந்து பல ஆயிரம் பேர் செத்தார்கள். சில வாரங்களில் மாலெட் அங்கே போய், குளிரில் இடிந்த ஊர் ஊராக அலைந்தார். சுவர் எந்தப் பக்கம் விரிந்திருக்கிறது, விரிசல் எந்தச் சாய்வில் ஓடுகிறது, தூண் எந்தத் திசையில் விழுந்தது என்று அளந்து, ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு கோடு போட்டார். கோடுகள் கூடும் இடம்தான் நடுக்கத்தின் மூலம் என்றார். விரிசலின் சாய்வை வைத்து ஆழத்தையும் கணக்கிட்டார். சுமார் 10 கிலோமீட்டர் என்று வந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை. ஆனால் சுவர் விரிவது அதிர்ச்சி வந்த திசையை மட்டும் பொறுத்த விஷயமா? சுண்ணாம்பு எப்படி, அஸ்திவாரம் எப்படி, அடியில் பாறையா களிமண்ணா, எல்லாம் சேர்ந்துதானே சுவர் விழுகிறது. தவிர, மூலத்தில் என்ன நடக்கிறது என்பதில் மாலெட்டின் எண்ணம் வேறு. பூமிக்குள் நீராவி போன்ற ஏதோ ஒன்று வெடிக்கிறது என்பதே அவர் கருத்து.

நம் பாட்டிமார் ஆதிசேஷன் தலை மாற்றுகிறான் என்று முடித்துவிடுவார்கள். வெடிப்பு என்று சொன்னதும் அதைவிட வெகு தூரம் போய்விடவில்லை என்றே எனக்குப் படுகிறது. இத்தனைக்கும் உண்மையான தடயம் நம் நாட்டிலேயே கண்ணெதிரில் கிடந்தது. 1819 ஜூனில் கட்ச் பகுதியில் பூகம்பம் வந்தபோது, ரண் உப்புச் சமவெளியில் பல மைல் நீளத்துக்குத் தரை ஒரு கரை போல எழும்பி நின்றது. பக்கத்தில் நிலம் தாழ்ந்து சிந்த்ரி கோட்டையைத் தண்ணீர் சூழ்ந்தது. மனிதர் கட்டாத கரை என்பதால் ஜனங்கள் அதற்கு அல்லா பந்த், அதாவது ஆண்டவன் போட்ட அணை, என்று பெயர் வைத்தார்கள். பூமி ஆடியதால் தரை உடைந்ததா, தரை உடைந்ததால் பூமி ஆடியதா என்ற கேள்வி அங்கேயே இருந்தது.

இதற்குத் தெளிவான பதில் வர 1906-இல் சான் பிரான்சிஸ்கோ குலுங்க வேண்டியிருந்தது. கலிபோர்னியாவில் நேராகப் போட்டிருந்த வேலிகள் ஒரு கோட்டில் அறுந்து, மறுபாதி பல அடி தள்ளிப் போய் நின்றன. அதற்கு முன் அந்தப் பகுதியை நில அளவை செய்த கணக்குகள் இருந்தன. ஹாரி ஃபீல்டிங் ரீட் என்ற பேராசிரியர் பழைய அளவையும் பூகம்பத்துக்குப் பிறகு எடுத்த புது அளவையும் ஒப்பிட்டு, 1910-இல் ஒரு விளக்கம் சொன்னார். மூங்கில் பிளாச்சை இரண்டு கையாலும் மெதுவாக வளையுங்கள். வளையும், ஒன்றும் ஆகாது. ஒரு கட்டத்தில் படக்கென்று முறிந்து, இரண்டு துண்டும் நேராக நிமிரும். கையில் அதிர்ச்சி தெரியும். பூமியின் பாறையும் அப்படித்தான். பல பத்து வருடம், நூற்றாண்டு என்று மெதுவாக வளைகிறது. பழைய முறிவு ஒன்றில் பிடிப்பு விட்டதும் இரு பக்கமும் துள்ளி நகர்கின்றன. அந்தத் துள்ளல்தான் நமக்குப் பூகம்பம். வளைப்பது யார் என்பதற்கு விடை பின்னால் வந்தது. பூமியின் மேலோடு பல தட்டுகளாக நகர்கிறது. நாம் குடியிருக்கும் இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கே போய் ஆசியாவை முட்டுகிறது. இமயமலையும் அஸ்ஸாம் நடுக்கங்களும் அந்த முட்டலின் பலன்.

மறுபடி ஓல்ட்ஹாமிடம் வருவோம். 1897-இல் இந்தியாவில் பூகம்பத்தைப் பதிவு செய்யும் கருவி ஒன்று கூட இல்லை. ஆனால் ஐரோப்பாவில் இருந்தது. பாரமான ஒரு குண்டைத் தொங்கவிட்டால், தரை ஆடும்போது குண்டு சட்டென்று ஆடாமல் தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அந்த வித்தியாசத்தைக் காகிதத்தில் கோடாக விழச் செய்தால் அதுதான் நில அதிர்வுமானி. ஜப்பானில் பேராசிரியராக இருந்த ஜான் மில்ன் என்ற ஆங்கிலேயர் இதில் முன்னோடி. 1889-இல் ஜெர்மனியில் போட்ஸ்டாம் நகரில் வேறு ஆராய்ச்சிக்காக வைத்திருந்த ஒரு நுண்ணிய கருவி காரணமில்லாமல் ஆடியது. வைத்தவர் ரெபோர் பாஷ்விட்ஸ். அதே நேரத்தை ஒட்டி டோக்கியோவில் பூகம்பம் வந்த செய்தியைப் பிறகு படித்துத்தான் அவருக்கு விஷயம் விளங்கியது. பூமியின் மறுபக்கத்தில் நடந்ததை இங்கே உட்கார்ந்து பார்க்கலாம் என்பது அன்றுதான் தெரிந்தது.

அஸ்ஸாம் நடுக்கமும் அப்படியே இத்தாலி முதலிய நாடுகளின் கருவிகளில் கோடு கிழித்திருந்தது. ஓல்ட்ஹாம் அந்தக் கோடுகளை வரவழைத்துப் பார்த்தார். முதலில் சின்ன நடுக்கம். சில நிமிஷம் கழித்து அதைவிடப் பெரியது. கடைசியில் மெதுவாக ஊசலாடும் பெரும் அலை. எல்லா இடத்துக் கோட்டிலும் இந்த மூன்று கட்டம். மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கிளம்பி, வெவ்வேறு வேகத்தில் வந்தவை என்று 1900-இல் அவர் எழுதினார். இன்று பி அலை, எஸ் அலை, மேற்பரப்பு அலை என்று சொல்வது இவற்றைத்தான்.

பி அலையை எங்கள் ஆட்களுக்கு விளக்குவது சுலபம். ஷண்டிங்கில் இன்ஜின் வந்து வேகன் வரிசையின் ஒரு கோடியில் இடித்தால், அந்த இடி வேகன் வேகனாக ஓடி மறுகோடி வரை போகும். ஒவ்வொரு வேகனும் முன்னும் பின்னும்தான் அசையும். எஸ் அலை அப்படியல்ல. கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்து உதறினால் நெளிவு ஓடுகிறதே, அது. பாறைக்குள் பி அலை நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர், எஸ் அலை சுமார் மூன்றரை.

இதை வைத்து எப்படி இடம் கண்டுபிடிப்பது? ஏதோ ஒரு ஜங்ஷனிலிருந்து எக்ஸ்பிரஸும் பாசஞ்சரும் இரட்டைப் பாதையில் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. எக்ஸ்பிரஸ் மணிக்கு 60 கிலோமீட்டர், பாசஞ்சர் 35. நீங்கள் நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷனில் இருக்கிறீர்கள். எப்போது கிளம்பின என்று உங்களுக்குத் தெரியாது. எக்ஸ்பிரஸ் போய் சரியாக ஒரு மணி நேரம் கழித்து பாசஞ்சர் வருகிறது. அப்படியானால் ஜங்ஷன் எவ்வளவு தூரம்? 84 கிலோமீட்டர். எக்ஸ்பிரஸுக்கு 84 நிமிஷம், பாசஞ்சருக்கு 144 நிமிஷம், வித்தியாசம் அறுபது. வேறு தூரம் எதற்கும் இந்த வித்தியாசம் வராது. பூகம்பத்துக்கும் இதே கணக்கு. பி வந்து பத்து நொடி கழித்து எஸ் வந்தால் மூலம் சுமார் 84 கிலோமீட்டரில் இருக்கிறது. ஜப்பானில் ஒமோரி என்பவர் இதற்கு ஒரு சூத்திரமே போட்டார். இடைவெளி நொடியை ஏறக்குறைய எட்டால் பெருக்கினால் கிலோமீட்டர் வந்துவிடும்.

இதில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம், உங்கள் ஸ்டேஷன் கடிகாரம் அரை மணி தப்பாக ஓடினாலும் இந்தத் தூரம் தப்பாகாது. எக்ஸ்பிரஸையும் பாசஞ்சரையும் ஒரே கடிகாரத்தில்தானே பார்க்கிறீர்கள்! மதராஸ் நேரமா, கல்கத்தா நேரமா, தோட்டத்து மேனேஜரின் வாட்சா என்று தலையை உடைத்துக்கொண்ட சங்கடம் ஒரு கழித்தலில் ஒழிந்தது.

தூரம் தெரிந்தால் போதாது, திசை வேண்டும். அதற்குத்தான் மூன்று நிலையம். வரைபடத்தில் ஒவ்வொரு நிலையத்தையும் மையமாக வைத்து அதன் தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டால், மூன்று வட்டமும் ஒரு புள்ளியில் கூடும். அந்தப் புள்ளிக்கு நேர் கீழே மூலம். வட்டங்கள் அப்பழுக்கில்லாமல் ஒரு புள்ளியில் கூடாமல் கொஞ்சம் மேலே விழுந்தால், மூலம் ஆழத்தில் இருக்கிறது என்று பொருள். வெகுதூரப் பூகம்பத்துக்கு எட்டால் பெருக்கும் கணக்கு செல்லாது; ஆழம் போகப் போக அலையின் வேகம் மாறும். அதற்கு ரயில்வே டைம் டேபிள் மாதிரியே பயண நேர அட்டவணைகள் உண்டு. ஜெஃப்ரிஸ், புல்லன் என்ற இருவர் 1940-இல் வெளியிட்டது பல காலம் புழக்கத்தில் இருந்தது. ஓல்ட்ஹாமே 1906-இல் இந்தப் பயண நேரங்களை ஆராய்ந்து, பூமியின் நடுவே அலையைத் தாமதப்படுத்தும் ஒரு மையக் கரு இருக்கிறது என்று சொன்னது தனிக் கதை.

அஸ்ஸாம் பட்ட அடியால் இந்திய அரசுக்கும் புத்தி வந்தது. 1898-இல் கல்கத்தா அலிப்பூரிலும், அதை அடுத்து பம்பாய் கொலாபாவிலும் நம் கொடைக்கானலிலும் மில்ன் கருவிகளை வைத்தார்கள். சூரியனைப் பார்க்கக் கட்டிய கொடைக்கானல் ஆய்வுக்கூடம் பூமியின் நாடியையும் பிடிக்க ஆரம்பித்தது. நேரம் பார்த்துத்தான் வைத்தார்கள் போலும். 1900 பிப்ரவரி 8 அதிகாலை கோயம்புத்தூர் பக்கம் பூமி ஆடி, தென்னிந்தியாவின் பெரும்பகுதி அதை உணர்ந்தது. தமிழ்நாட்டில் பூகம்பமே வராது என்று சொல்பவர்கள் இந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளவும்.

சரி, 1897 பூகம்பத்தின் மூலம் எங்கே என்று முடிவானதா? ஓல்ட்ஹாம் ஊர் ஊராகச் சேதத்தை அளந்து வரைபடம் போட்டார். செட்ராங் என்ற ஆற்றுப்பள்ளத்தில் தரை 35 அடி வரை பிளந்து உயர்ந்திருப்பதைக் கண்டார். பாறாங்கற்கள் தாம் கிடந்த குழியின் ஓரத்தைக் கூட உரசாமல் மேலே எகிறிப் போயிருந்தன. இன்னொரு காரியமும் நடந்தது. பழைய நில அளவை முக்கோணங்களில் சிலவற்றை உடனே மறுபடி அளக்க ஏற்பாடாயிற்று. லாம்ப்டன் 1802-இல் பரங்கிமலைப் பக்கம் முதல் அடிக்கோடு போட்டுத் தொடங்கிய அதே மாபெரும் நில அளவையின் கிளைதான் இது. மறு அளவையில் தூரமும் உயரமும் மாறியிருந்தன. ஆனால் அதிலிருந்து முழு விஷயத்தையும் பிழிந்தெடுக்க அப்போது வழியில்லை.

நூறு வருடத்துக்கு மேல் கழித்து, 2001-இல், ரோஜர் பில்ஹாம், பிலிப் இங்கிலாந்து என்ற இரு விஞ்ஞானிகள் அந்தப் பழைய அளவைக் கணக்கை எடுத்துக் கணினியில் போட்டார்கள். ஷில்லாங் பீடபூமியின் வட விளிம்பில், தரைக்கு மேல் தெரியாமல் புதைந்த ஒரு முறிவு, சுமார் 110 கிலோமீட்டர் நீளத்துக்கு நகர்ந்திருக்கிறது என்றார்கள். சில நொடிகளில் பீடபூமியின் அந்த விளிம்பு குறைந்தது 11 மீட்டர் தூக்கப்பட்டிருக்கிறது. மூன்று மாடி உயரம். கற்கள் எகிறியதில் ஆச்சரியம் இல்லை. அந்த முறிவுக்கு ஓல்ட்ஹாம் பெயரையே வைத்தார்கள். எல்லா விஞ்ஞானிகளும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை, வாதம் நடக்கிறது. இருந்தாலும், மூலம் என்றால் வரைபடத்தில் ஒரு புள்ளி என்ற எண்ணம் போதாது என்பது இதில் தெளிவு. 110 கிலோமீட்டர் நீளமுள்ள ஒன்றை எப்படிப் புள்ளி என்பது? மூன்று வட்டம் கூடுமிடம், முறிவு தொடங்கிய இடம் மட்டுமே. அங்கிருந்து அது எவ்வளவு தூரம் கிழிந்தது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை வட்டம் சொல்லாது.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை நம் நேரம் 6 மணி 28 நிமிஷத்துக்கு சுமத்ராவுக்கு அருகே கடலடி முறிந்தது. உலகத்தின் கருவிகள் கால் மணி நேரத்தில் இடத்தைப் பிடித்துவிட்டன. இடம் சரி. அளவுதான் போதவில்லை. ஹவாயில் இருந்த எச்சரிக்கை மையம் முதலில் சொன்னது 8.0. ஒரு மணி நேரம் கழித்து 8.5 என்றார்கள். உண்மையில் அது 9.1. முறிவு சுமத்ராவில் தொடங்கி, எட்டு, பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்காமல், நிக்கோபார், அந்தமான் வழியாக வடக்கே சுமார் 1,300 கிலோமீட்டர் கிழிந்துகொண்டே போயிற்று. சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்ப் பாதி வழிக்கு மேல் திரும்பி வரும் தூரம். நமக்கு நேர் கிழக்கே அந்தமான் பக்கத்துக் கடலடியும் அசைந்திருக்கிறது என்பது அந்தப் புள்ளியைப் பார்த்தவர்களுக்குத் தெரிய வழியில்லை. தெரிந்திருந்தாலும் இந்தியப் பெருங்கடலில் சொல்வதற்கு அன்று ஏற்பாடு எதுவும் கிடையாது. அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நாகப்பட்டினமும் கடலூரும் வேளாங்கண்ணியும் அந்த இரண்டு மணி நேரத்தை எப்படிக் கழித்தன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம்மில் பலர் வீட்டில் அந்தத் தேதிக்குத் திதி வருகிறது.

2007-இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. அதற்குப் பெரிய பரீட்சை 2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. மத்தியானம் இரண்டு மணி தாண்டி எட்டு நிமிஷம். நான் அப்போது சென்னையில் பையன் வீட்டில் மூன்றாவது மாடியில் இருந்தேன். கூடத்து ஊஞ்சல் தானாக ஆடியது. மருமகள் "மாமா, கீழே இறங்குங்க" என்று கத்தினாள். தெருவெல்லாம் ஜனம். அதே சுமத்ராப் பக்கம், 8.6. மெரினாவிலிருந்து ஆட்களை அப்புறப்படுத்தினார்கள். எட்டு வருடத்துக்கு முந்தைய ஞாபகத்தில் எல்லோர் முகத்திலும் ரத்தமில்லை.

ஆனால் இந்த முறை முறிந்த விதம் வேறு. 2004-இல் ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் நுழைந்து, மேலே இருந்த கடலடியை உயர்த்தியது. அதோடு தண்ணீரும் உயர்ந்தது. 2012-இல் முறிந்தது இன்னும் மேற்கே, கடல் தட்டுக்குள்ளேயே. இரண்டு பாகமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் வழுக்கின. தொட்டியின் அடித்தட்டை மேலே இடித்தால் தண்ணீர் எழும்பும், பக்கவாட்டில் நகர்த்தினால் அவ்வளவு எழும்பாது. பி அலையின் முதல் அசைவு எந்தெந்த நிலையத்தில் தள்ளலாக வந்தது, எங்கே இழுப்பாக வந்தது என்று பார்த்தால் முறிவு எந்த வகை என்று சொல்லிவிடலாம். இப்போது நிமிடக் கணக்கில் அதைக் கணித்துவிடுகிறார்கள். கூடவே கடலில் மிதவைக் கருவிகள் வேறு இருக்கின்றன.

நாலே கால் மணி வாக்கில் 8.2 அளவில் இன்னொன்று வந்து மறுபடி கலவரப்படுத்தியது. அலை சிறிதாகத்தான் வந்தது. மாலையில் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள்.